கார்டில்தான் கோளாறு

1990 ஜனவரி 3, புதன்

டயரியை அச்சடித்தவன் முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்டிருக்கிறான். பெயர்: சு. காந்திமதிநாதன். வயது: ஐம்பத்தாறு. தொழில்: வக்கீல் குமாஸ்தா, பாளையங்கோட்டை. மனைவி: பிரமநாயகி, கூப்பிடுவது பிரமு. இரத்த வகை, மூக்குக்கண்ணாடி பவர் எல்லாம் இவனுக்கு எதற்கு? விட்டுவிட்டேன்.

டயரி, வழக்கம்போல் எங்கள் வக்கீல் குற்றாலிங்கம் சார் கொடுத்தது. இந்த வருஷம் கோடுகளை மிகவும் நெருக்கிப் போட்டிருக்கிறான். ஒரு கோட்டுக்குள் எழுத முடியவில்லை. இரண்டு கோட்டை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன். இங்க் கூட வெளுத்துப் போய்த்தான் வருகிறது. எதிலும் தரம் கிடையாது இப்போதெல்லாம்.

ஜனவரி 8, திங்கள்

அஃபிடவிட் மூன்று, வாய்தா மனு ஒன்று, நோட்டீஸ் இரண்டு. டைப்ரைட்டரில் இரண்டு நாள் வேலை. கம்ப்யூட்டரில் மதியத்துக்குள் முடித்துவிட்டேன். பழைய மனுவைக் கூப்பிட்டு, பேரை மாற்றி, ஊரை மாற்றி, கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு கே, டி என்றால் சேமித்துக்கொண்டு நிற்கும். கார்பன் இல்லை, வெள்ளை மை இல்லை, கிழித்துப் போடுவது இல்லை. இதையெல்லாம் செய்கிற இந்த வேர்ட்ஸ்டார் புரோகிராமைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாக ஒரு குமாஸ்தாவின் பிள்ளையாகத்தான் இருப்பான்.

போன ஆவணியில் மெஷின் வந்தபோது பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லாம் சிரித்தார்கள். எட்டே நாளில் கற்றுக்கொண்டேன். இப்போது அவர்களே ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஒரே ஒரு குறை. திரையில் பச்சை எழுத்துக்களைச் சுற்றி ஒரு புகை மாதிரி. மூன்றும் எட்டும் ஒன்றுபோல இருக்கின்றன. சாரிடம் சொன்னேன்.

"வாங்கி அஞ்சு மாசம் ஆகல, அதுக்குள்ளயாவே?" என்றார். மதுரைக் கம்பெனிக்கு அப்போதே போன் போட்டுவிட்டார்.

ஜனவரி 12, வெள்ளி

இஞ்சினியர் வந்தாயிற்று. பெண்! பெயர் பியூலா ஜெபமணி, சொந்த ஊர் நாசரேத், வயது இருபத்தெட்டு இருக்கலாம். கையில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. "சாப்பாட்டை உள்ள வச்சிட்டு வாம்மா" என்றேன்.

"சாப்பாடு இல்ல சார், கார்டு" என்று மூடியைத் திறந்து காட்டினாள். "பஸ்ஸுல நைலான் சேல உரசுனாலே அந்தக் கரண்டுல கார்டு செத்துப்போகும். எவர்சில்வர்ல வச்சா பயம் இல்ல."

மேற்படி பெண் மெஷினின் மூடியைக் கழற்றினாள். உள்ளே நெட்டுக்குத்தாக நாலைந்து பச்சைப் பலகைகள் செருகியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கார்டு. நாம் அடிக்கிற எழுத்தைத் திரைக்கு அனுப்புவது அதில் ஒன்று. அதைப் பிடுங்கி, அதன் அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். இத்தனை பெரிய மெஷினுக்கு இதுதானா வைத்தியம் என்று கேட்டேன்.

"களிம்பு ஏறியிருந்தா எழுத்து ஒழுங்கா வராது சார். ரப்பரை விட்டா வேற நல்ல மருந்து கிடையாது." மறுபடி செருகி, மெஷினைப் போட்டாள். "இப்ப எப்படித் தெரியுது?"

அதே புகை. கம்பெனிச் சீட்டு ஒன்றை நீட்டினாள். 'சரியாகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளதைத்தானே எழுத முடியும்.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன், இலையெல்லாம் வெள்ளம். வைக்கிற இடத்தில் வைக்க வேண்டாமா? பிரமு ஒன்றும் சொல்லவில்லை. சண்டை பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 17, புதன்

கோர்ட்டில் வழக்குப் பட்டியலைச் சின்ன எழுத்தில் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேப்பர் மிச்சமாம். பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாவை வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 24, புதன்

ஒரு உபாயம் கண்டுபிடித்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

வேர்ட்ஸ்டாரில் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் அதுவாகத் தேடித் தரும். 'சுப்பையா' என்று கேட்டால் சுப்பையா இருக்கிற வரிக்குப் போய் நிற்கும். இல்லையென்றால் இல்லை என்று கீழே எழுதும். ஆகையால் இப்போது நான் எதையும் திரையில் வாசித்துச் சரிபார்ப்பதில்லை. பேர், தேதி, சர்வே நம்பர் எல்லாவற்றையும் தேடச் சொல்கிறேன். கிடைத்தால் சரியாக அடித்திருக்கிறேன் என்று அர்த்தம். விரல்கள் முப்பத்தோரு வருஷப் பழக்கம், அவற்றுக்குத் திரையே தேவையில்லை.

கார்டு கெட்டுப்போனாலும் என் வேலை கெடவில்லை. மெச்சிக்கொள்ள ஆள் இல்லாததால் நானே மெச்சிக்கொண்டேன். ஒரு காபி கூடுதலாகக் குடித்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

பியூலா மறுபடி வந்தாள், டிபன் டப்பாவில் புத்தம்புதிய கார்டு. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினாள். பார்த்தேன். ஆகா, பளிச்சென்று இருந்தது! அவளுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. சார் பழரசம் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் விழுந்ததும் பழைய குருடி கதவைத் திறந்துவிட்டாள். எழுத்தெல்லாம் கரைந்து ஓடுகிறது. சீட்டில் 'சரியாகவில்லை' என்றேன். அந்தப் பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஜன்னல மூடட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"ஜன்னல மூடிக்கிட்டா ஆபீஸ் நடத்துவாக? கார்ட சரி பண்ணும்மா."

பிப்ரவரி 7, புதன்

டவுனுக்குப் போகிற பஸ் என்று ஏறி மேலப்பாளையத்தில் போய் இறங்கினேன். போர்டைக் கோணலாக மாட்டியிருக்கிறான். கண்டக்டரைச் சத்தம் போட்டேன். பஸ்ஸில் ஒருத்தர் கூட எனக்காகப் பேசவில்லை. ஜனங்களுக்குத் தைரியமே போய்விட்டது.

வீட்டில் பிரமுவிடம் சொன்னேன். "போர்டு நேராத்தான் இருந்திருக்கும்" என்றாள். இரவு வரை அவளோடு பேசவில்லை. அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பியூலா மூன்றாவது தடவையாக வந்தாள். மூடியைத் திறக்கவேயில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு கட்டளையோடு நாற்பது என்று அடித்தாள். திரையில் எழுத்தெல்லாம் திடீரென்று இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது. ஒரு வரிக்கு எண்பது எழுத்து இருந்த இடத்தில் நாற்பது.

"இது தெரியுதா சார்?"

"நல்லாத் தெரியுதே! இத முதல்லயே செஞ்சிருந்தா என்ன?"

"வேர்ட்ஸ்டாருக்கு இது ஆகாது சார். அதுக்கு எண்பது எழுத்து வேணும்." நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "கார்டு கெட்டிருந்தா பெரிய எழுத்தும் கலங்கித்தான் தெரியணும். சார், கோவிச்சுக்காதீங்க. இடது கண்ண மூடிக்கிட்டு வலது கண்ணால மட்டும் பாருங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நீ மெஷினுக்கு டாக்டரா, எனக்கு டாக்டரா?" என்று கத்திவிட்டேன். அடுத்த அறையில் இருந்த கட்சிக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "சார், ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். எனக்கு ஆறு மாசம் தற்காலிக வேலைதான். மார்ச் மாசம் நிரந்தரம் பண்ணணும். உங்க ஆபீஸ் சீட்டு ரெண்டும் 'சரியாகவில்லை'. மூணாவதும் அப்படியே போனா, பொம்பளப் பிள்ளைய ஏன் எடுத்தோம்னு சொல்லிட்டு நிறுத்திருவாங்க. உங்க மேல தப்பு சொல்லல. நெலம இதுதான்."

சீட்டை மேசையில் வைத்தாள். எழுதினேன். 'சரியாகவில்லை.' எழுத்து எங்கே போனது என்றே தெரியவில்லை.

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இடது கண்ணை மூடிப் பார்த்தேன். யாரோ ஜன்னலில் எண்ணெய்க் காகிதம் ஒட்டினாற்போல் இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

எனக்குக் கண்ணில் ஒன்றும் கிடையாது.

பெரிய அண்ணனுக்கு அறுபத்தொன்றாம் வருஷம் ஒரு முகாமில் கண்ணை அறுத்தார்கள். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் பத்து நாள் ஆடாமல் அசையாமல் படுக்க வைத்தார்கள். கட்டை அவிழ்த்தபோது அந்தக் கண் போய்விட்டிருந்தது. அதன் பிறகு பதினைந்து வருஷம் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை யாரது, யாரது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வாசிக்க முடியாத குமாஸ்தாவை யார் வைத்துக்கொள்வார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இன்று ஒரு நாள் மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 22, வியாழன்

பருத்திப்பால் நன்றாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 1, வியாழன்

விசேஷம் வந்துவிட்டது.

ஒரு நிலத் தகராறில் எதிராளி உள்ளே நுழையக் கூடாது என்று நாம் போட்ட வழக்கு. இன்று கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, "இந்த சர்வே நம்பரில் நிலமே இல்லை, அது ஊர்க்குளம். குளத்துக்கா தடை கேட்கிறார்கள்?" என்றாராம். கோர்ட்டே சிரித்திருக்கிறது.

நிலம் 431. வழக்கில் அடித்திருப்பது 481. பத்திரத்தில் கையால் எழுதியிருந்த மூன்றை நான் எட்டு என்று வாசித்திருக்கிறேன். எட்டு என்றே அடித்தேன். 481 என்றே தேடச் சொன்னேன். மெஷினும் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. நான் கொடுத்ததைத்தானே அதுவும் சொல்லும்.

சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "முப்பத்தோரு வருஷத்துல நீரு ஒரு நம்பர தப்பா அடிச்சது இல்லவே. எல்லாம் இந்தச் சனியன் பிடிச்ச கார்டாலதான்" என்றார். திருத்த மனு போட்டு வழக்கைச் சரிசெய்துவிடலாம், அது பெரிய காரியம் இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தின்கிறது.

மார்ச் 2, வெள்ளி

கம்பெனி மானேஜர் திங்கட்கிழமை நேரில் வருகிறாராம். அவர் கையில் கொடுக்க சார் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அடித்தேன். மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய இஞ்சினியருக்குத் தொழில் தெரியவில்லை. மூன்று முறை வந்தும் கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண்ணை இனி எந்த ஆபீசுக்கும் அனுப்ப வேண்டாம்.

கோளாறைக் கண்டுபிடிக்கவில்லையா! கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான்.

கடிதத்தைச் சேமித்தேன். அச்செடுக்கவில்லை. ரிப்பன் காய்ந்துவிட்டது, திங்கட்கிழமை எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். ரிப்பன் போன வாரம் மாற்றியது.

மார்ச் 4, ஞாயிறு

பிரமு சாப்பாடு போட்டாள். சாதம் வடக்கே, பொரியல் கிழக்கே, அப்பளம் கைக்கு எட்டுகிற இடத்தில். சில மாதமாகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் வைக்கிறாள் என்பது இன்றுதான் உறைத்தது.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோவப்படாதீங்க" என்றாள்.

"கேக்காத" என்றேன்.

கேட்கவில்லை. மோர் ஊற்றினாள்.

மார்ச் 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே ஆபீசைத் திறந்து மெஷினைப் போட்டேன். கடிதத்தை வரவழைத்தேன். டைப்ரைட்டராக இருந்தால் கடிதம் முழுவதையும் புதிதாக அடிக்க வேண்டும், அதற்குள் மனசு மாறியிருக்கும். இதில் ஒரு பத்தியைக் குறித்து அழித்தால் போய்விடும். அழித்தேன். அந்த இடத்தில் நாலு வரி அடித்தேன். தேடச் சொல்லிச் சரிபார்க்கவில்லை. அந்த நாலு வரி என் விரலுக்கு மனப்பாடம். அச்செடுத்தேன்.

பத்தரைக்கு மானேஜர் வந்தார், டை கட்டிய மனிதர். பின்னால் பியூலா, கையில் அதே டிபன் டப்பா. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. சாரிடம் கடிதத்தை நீட்டினேன். முப்பத்தோரு வருஷ வழக்கப்படி, நான் விரல் வைத்த இடத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு, மானேஜரிடம் தள்ளினார்.

"உரக்கப் படியும். எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார் சார்.

மானேஜர் இங்கிலீஷில் படிக்கத் தொடங்கினார். முதல் பத்தி, மெஷின் வாங்கிய தேதி. இரண்டாவது பத்தியில் அவர் குரல் இறங்கியது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கார்டு மூன்று முறையும் சரியாகவே இருந்தது. கோளாறு என் குமாஸ்தாவின் கண்ணில். உங்கள் இஞ்சினியர் அதை மூன்றாம் முறை சரியாகக் கண்டுபிடித்தார், என் குமாஸ்தா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று சீட்டுகளும் செல்லாதவை என்று எடுத்துக்கொள்ளவும்.

சார் கடிதத்தை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"என்னதுவே இது?" என்றார் சார்.

நான் எழுந்து நின்றேன். கோர்ட்டில் எத்தனை சாட்சிகள் கூண்டில் நடுங்கிப் பார்த்திருக்கிறேன். அது எப்படி என்று இன்று தெரிந்தது. "உள்ளதுதான் சார். எனக்குக் கண்ணு தெரியல. தீபாவளிக்கு முன்னாலேர்ந்தே தெரியல. 481 நான் பண்ணுன தப்பு, மெஷின் இல்ல. இந்தப் பிள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டு நான் எப்படிச் சோறு திங்கிறது? என்னய வீட்டுக்கு அனுப்பினாலும் சரிதான்."

சார் என் பக்கம் திரும்பினார். அவர் முகம் எனக்கு ஒரு வெளிச்சமாகத்தான் தெரிந்தது.

"முப்பத்தோரு வருஷமா நீரு காட்டுன இடத்துல நான் குருடன் மாதிரிதானவே கையெழுத்துப் போட்டேன்" என்றார். "நான் உம்ம வீட்டுக்கு அனுப்புனா, என்னய எங்க அனுப்புறது? இனி ஒரு மாசம் நான் படிச்சுக்கிடுதேன். நீரு போய்க் கண்ணப் பாரும்."

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் மேல்துண்டால் துடைத்தேன். மானேஜர் டையைச் சரிசெய்துகொண்டார். பேனாவை எடுத்து மூன்று சீட்டிலும் குறுக்கே கோடு போட்டார். "பியூலா, இந்த மாசமே நிரந்தர ஆர்டர் வரும்" என்றார்.

பியூலா என் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்கப்பாவும் இப்படித்தான் சார். காது கேக்கலன்னு ஒத்துக்காம மூணு ரேடியோ மாத்துனாங்க." சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பிரமுவிடம் சொன்னேன். "அப்பாடா" என்று ஒரே வார்த்தை. உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய வேட்டி, துண்டு, டம்ளர் எல்லாம் தை மாதத்திலேயே எடுத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 13, செவ்வாய்

அவர் சொல்லச் சொல்ல நான், பிரமநாயகி, எழுதுகிறேன்.

நேற்று வலது கண்ணில் ஆபரேஷன். மணல் மூட்டையெல்லாம் இப்போது கிடையாது. புரை விழுந்து பழுத்துப்போன லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே புது லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள். வலி இல்லை. கட்டுப் போட்டிருக்கிறது. சாப்பாடு சுமார். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை.

இனி நானாக எழுதுவது. இவர் டாக்டரிடம், "கார்டு நல்லா உக்காந்திருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்று கேட்டார். டாக்டர் விழித்தார். நர்சுகள் எல்லாரும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பியூலா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். இருவரும் ஒரு மணி நேரம் ஃப்ளாப்பியைப் பற்றிப் பேசினார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. வக்கீல் ஐயா திருத்த மனுவைத் தானே வாசித்ததாகவும் அதில் இரண்டு தப்பு கண்டுபிடித்ததாகவும் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவருக்கு ஒரே சந்தோஷம்.

நாளை கட்டு அவிழ்க்கிறார்கள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால்தான் இதை எழுதுகிறேன்.

முன் பக்கங்களையும் வாசித்துவிட்டேன். நான் வைத்த செம்பு வைத்த இடத்தில்தான் இருந்தது.

மார்ச் 14, புதன்

கட்டை அவிழ்த்தார்கள். நானே எழுதுகிறேன், ஒரு கோட்டுக்குள்.

முதலில் ஒரு வெளிச்சம். அப்புறம் டாக்டரின் சட்டைப் பொத்தான், அதில் நாலு ஓட்டை. சுவர்க் காலண்டரில் மூன்று, எட்டு, இரண்டும் வேறு வேறு. எல்லாமே கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. பிறகு பிரமு முன்னால் வந்து நின்றாள். நெற்றிக்கு மேல், காதோரம், வகிடு முழுக்க வெள்ளை. எனக்குத் தெரிந்த பிரமுவுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

"எப்பளா இப்படி நரைச்சுது?" என்று கேட்டேன்.

"நீங்க கார்டு மாத்திக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்பதான்" என்றாள்.